நத்தைக்கும் ஆமைக்கும் பகை: சியெனாவில் ஒரு நாள்

குதிரை ரேஸுக்குப் போகிறோம் என்று சொன்னதும் ஊரிலிருந்து அம்மா போனில் கேட்ட முதல் கேள்வி: "மாப்பிள்ளைக்கு இந்தப் பழக்கம் எப்பருந்துடி?" அம்மாவைக் குறை சொல்ல முடியாது. ரேஸ் என்றால் கிண்டி, கிண்டி என்றால் அடுத்த ரீலில் தாலி அடகுக் கடையில் என்று கறுப்பு வெள்ளைப் படம் பார்த்து வளர்ந்த தலைமுறை. "இதுல பணமே கட்ட முடியாதும்மா. புக்கியும் கிடையாது, கவுன்ட்டரும் கிடையாது" என்றேன்.

"அப்புறம் எதுக்குடி ஓடுது?"

பாலியோவைப் பற்றி நான் படித்த எந்தப் பயணக் கட்டுரையும் இவ்வளவு சரியான இடத்தில் கை வைத்ததில்லை.

தெரியாதவர்களுக்காக: இத்தாலியின் டஸ்கனி பகுதியில் சியெனா என்று மலை மேல் ஒரு பழைய ஊர். ஊர் நடுவில் காம்போ என்ற பெரிய சதுக்கம். வருஷத்தில் இரண்டு நாள், ஜூலை 2, ஆகஸ்ட் 16, அந்தச் சதுக்கத்தின் ஓரமாகச் சுற்றிலும் மண் கொட்டி, சேணம் போடாத பத்துக் குதிரைகளை மூன்று சுற்று ஓட விடுகிறார்கள். அதுதான் பாலியோ. மொத்தமும் சுமார் ஒரு கிலோமீட்டர். ஒன்றேகால் நிமிஷத்தில் கதை முடிந்துவிடும். 'குவாண்டம் ஆஃப் சோலஸ்' படத்தின் ஆரம்பத்தில் ஜேம்ஸ் பாண்ட் துரத்திக்கொண்டு ஓடும்போது நடுநடுவே குதிரைகள் ஓடுமே, அது இதுதான். 2023 ஆகஸ்டில் பொலோனாவிலிருந்து ஒரு வேன் பிடித்துப் போய் பார்த்துவிட்டு வந்தோம். எழுத வேண்டும் என்று நினைத்து நினைத்துத் தள்ளிப்போய் இப்போதுதான் வேளை வந்தது. நீளமான பதிவு. காபி போட்டுக்கொண்டு உட்காருங்கள்.

வேனில் ஒன்பது பேர். இத்தாலியில் சாதாரண கார் லைசென்ஸை வைத்துக்கொண்டு அதற்கு மேல் ஆட்களை ஏற்றும் வண்டியை ஓட்ட முடியாது என்பதால் அந்தக் கணக்கு. நாங்கள் இரண்டு பேர், என் தோழியும் அவள் கணவரும், பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்யும் மூன்று பையன்கள், அப்புறம் ஊரிலிருந்து வந்திருந்த தோழியின் அப்பா, அம்மா. அந்த அப்பாதான் இந்தக் கதையின் நாயகர். சென்னைத் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வாலிப வயதிலிருந்து கிண்டி ரேஸ்கோர்ஸுக்குப் போய் வந்தவர். எங்கள் கூட்டத்தில் அவருக்குக் கிண்டி அங்கிள் என்றே பெயர். அவர் தோற்றது எவ்வளவு என்று கேட்டால், "பெரிசா ஒண்ணும் இல்லம்மா" என்பார். பக்கத்தில் ஆன்ட்டி அப்போது ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருப்பார்.

விடிகாலையில் கிளம்பினோம். புளியோதரை, தயிர் சாதம், உருளைக்கிழங்கு வறுவல், நிறையத் தண்ணீர். பிளாரன்ஸ் தாண்டுவதற்குள் அங்கிள் ஆரம்பித்துவிட்டார். "ரேஸ் புக் எங்க கிடைக்கும்? ஃபேவரிட் எது? டிரெய்னர் யாரு?"

ஆராய்ச்சிப் பையன்களில் ஒருவன் ஈரோட்டுக்காரன். பாலியோ பற்றி மாதக்கணக்கில் படித்து வைத்திருந்தான். அவன் பொறுமையாகச் சொன்னான். "அங்கிள், இங்க குதிரை குலுக்கல்ல வருது."

"என்னது?"

சியெனா ஊர் பதினேழு பேட்டைகளாகப் பிரிந்து கிடக்கிறது. கொன்ட்ராடா என்று பெயர். ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்னம்: கழுகு, கம்பளிப்புழு, நத்தை, ஆந்தை, டிராகன், ஒட்டகச்சிவிங்கி, முள்ளம்பன்றி, ஓநாய், ஆமை, வாத்து, இப்படி. கோபுரம் என்ற பேட்டையின் சின்னத்தில் முதுகில் கோபுரம் சுமக்கும் யானை. இந்தப் பதினேழில் பத்துதான் ஒரு பந்தயத்தில் ஓட முடியும். போன வருஷம் அதே மாதப் பந்தயத்தில் ஓடாத ஏழு பேட்டைகளுக்கு இடம் நிச்சயம். மீதி மூன்று குலுக்கலில். பந்தயத்துக்கு மூன்று நாள் முன்னால் எந்தப் பேட்டைக்கு எந்தக் குதிரை என்பதும் குலுக்கலில். அந்தக் குதிரையை அப்புறம் மாற்ற முடியாது. அதற்குக் காலில் அடி பட்டால் அந்தப் பேட்டைக்கு அந்தப் பாலியோ இல்லை, அவ்வளவுதான். இதற்கும் முன்னாலேயே பேட்டைத் தலைவர்கள் கூடி, வந்திருக்கும் குதிரைகளில் பத்தைப் பொறுக்குகிறார்கள். அப்போது மிக நல்ல குதிரையை வேண்டுமென்றே கழித்துவிடுவதும் உண்டு. குலுக்கலில் அது எதிரிக்குப் போய்விட்டால்?

அங்கிள் கொஞ்ச நேரம் பேசவில்லை. முப்பது வருஷ அனுபவத்தை ஒருவன் ஐந்து நிமிஷத்தில் செல்லாக்காசு ஆக்கிவிட்டால் யாருக்கும் அப்படித்தான் இருக்கும்.

இந்த இடத்தில் ஒரு இடைச்செருகல். தமிழ்நாட்டில் 1974ல் கருணாநிதி அரசு குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் போட்டது. வழக்கு நடந்து நடந்து 1996ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது: குதிரைப் பந்தயம் சூதாட்டம் ஆகாது, அது திறமை சார்ந்த ஆட்டம். குதிரையின் வம்சம், பயிற்சி, ஜாக்கியின் சாமர்த்தியம் எல்லாவற்றையும் எடைபோட்டுத்தான் பணம் கட்டுகிறார்கள் என்பது வாதம். அங்கிளுக்கு இந்தத் தீர்ப்பு மனப்பாடம். ஆன்ட்டியிடம் பல தடவை பயன்பட்டிருக்கும். ஆனால் சியெனாக்காரர்கள் அந்தத் திறமை அத்தனையையும் குலுக்கல் பெட்டிக்குள் போட்டு மூடிவிட்டார்கள். குதிரை வளர்த்தவன் பெருமை, பயிற்சி கொடுத்தவன் பெருமை எதுவும் மிஞ்சாது. மிஞ்சுவது அதிர்ஷ்டமும் பேட்டைச் சண்டையும் பணமும்.

ஆமாம், பணம். பந்தயம் கட்ட முடியாதே தவிர லஞ்சம் கொடுக்கலாம்! நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பேட்டைத் தலைவர்கள் ஒருவரோடொருவர் ரகசிய ஒப்பந்தம் போடுவது வழக்கம். நான் ஜெயித்தால் உனக்கு இவ்வளவு, என் எதிரியை மறித்தால் உனக்கு இவ்வளவு. ஜாக்கிகளும் தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள், குதிரை மேல் உட்கார்ந்து தொடக்கக் கயிற்றுக்கு முன்னால் நிற்கும்போது கூட. ஓடும்போது பக்கத்து ஜாக்கியைச் சாட்டையால் அடிக்கலாம். அந்தச் சாட்டை காளையின் குறியைக் காயவைத்துச் செய்தது. அடுத்தவன் கடிவாளத்தைப் பிடித்து இழுக்கத்தான் கூடாது.

"கிண்டியில இதுல பாதி செஞ்சாலே லைசென்ஸ் போயிடும்" என்றார் அங்கிள். குரலில் கொஞ்சம் பொறாமை இருந்த மாதிரி எனக்குத் தோன்றியது.

சியெனாவின் மலையடியில் வண்டியை நிறுத்திவிட்டு ஃபோன்டேபிராண்டா வாசல் வழியாக ஏறினோம். அந்த வாசலுக்குள் நுழைந்தால் வாத்துப் பேட்டை. இத்தாலியனில் ஓக்கா. பதின்மூன்றாம் நூற்றாண்டுக் கல் நீர்த்தொட்டி ஒன்று அங்கே இருக்கிறது. மேலே ஏறும் தெருவில்தான் புனித கத்தரீன் வாழ்ந்த வீடு. 1347ல் பிறந்த ஒரு சாயக்காரரின் மகள், இன்று இத்தாலிக்கே பாதுகாவலர். தெரு முழுக்கப் பச்சை, வெள்ளை, சிவப்புக் கொடிகள். கிழவர்கள் கழுத்தில் அதே நிறத்தில் பட்டுத் துண்டு. கழுத்துத் துண்டு வாங்கலாமா என்று தோழி கேட்டாள். என் கணவரோடு வேலை பார்க்கும் சியெனாக்காரர் ஒருவர் முன்கூட்டியே எச்சரித்திருந்தார்: துண்டு கட்டிக்கொண்டு சுற்றாதீர்கள், எந்தத் தெருவில் எதைக் கட்டியிருக்கிறோம் என்று உங்களுக்குத் தெரியாது, அவர்களுக்குத் தெரியும். அந்த நண்பர் எங்களோடு வரவில்லை. அன்றைக்கு அவர் தன் பேட்டையை விட்டு நகர மாட்டார்.

வாத்துக்கும் யானைக் கோபுரத்துக்கும் ஜென்மப் பகை. கழுகுக்கும் சிறுத்தைக்கும் பகை. ஓநாய்க்கும் முள்ளம்பன்றிக்கும் பகை. நத்தைக்கும் ஆமைக்கும் பகை. குதிரைப் பந்தயத்தில் நத்தையும் ஆமையும் முட்டிக்கொள்வதைச் சொல்லிச் சொல்லி நாங்கள் சிரித்தோம். அந்த ஊர்க்காரர்களுக்கு அதில் சிரிக்க எதுவும் இல்லை. தன் பேட்டை ஜெயிக்க வேண்டும் என்பது முதல் ஆசை. எதிரி ஜெயிக்கக் கூடாது என்பது அதற்கு மயிரிழை குறைந்த ஆசை. கடைசியாக வந்தவனை யாரும் கேலி செய்வதில்லை. இரண்டாவதாக வந்தவன்தான் தோற்றவன். கணவன் ஒரு பேட்டை, மனைவி எதிரிப் பேட்டை என்றால் பாலியோ நாட்களில் அவரவர் பிறந்த வீட்டுக்குப் போய்விடுவார்கள் என்று சொல்கிறார்கள்.

காலை ஒன்பது மணிக்குக் கடைசி ஒத்திகை ஓட்டம். மூன்று நாட்களில் ஆறு ஒத்திகை. அதில் கடைசியான இதில் யாரும் வேகமாக ஓட்டுவதில்லை. மாலை வரைக்கும் குதிரை பத்திரமாக இருக்க வேண்டுமே. கூட்டம் குறைவு என்பதால் வேலிக்குப் பக்கத்திலேயே இடம் கிடைத்தது. அப்போதுதான் களத்தைச் சரியாகப் பார்த்தேன். காம்போ சமதளம் கிடையாது, சிப்பி ஓடு போலச் சரிந்து குழிந்த சதுக்கம். ஓடுபாதையில் சான் மார்ட்டினோ என்ற இடத்தில் குதிரைகள் கீழ்நோக்கிச் சரிவில் வேகமாக இறங்கி வந்து, இறங்கிய வேகத்தில் செங்கோணமாக வலது பக்கம் திரும்ப வேண்டும். சுவரில் மெத்தைகள் சாத்தி வைத்திருந்தார்கள். அது என்னத்துக்கு என்று ஆன்ட்டி கேட்டார். சொன்னேன். "பாவிகளா" என்றார்.

அங்கிள் மட்டும் கண்ணைச் சுருக்கி ஒவ்வொரு குதிரையின் முன்னங்காலையும் பார்த்துக்கொண்டிருந்தார். "அந்தப் பச்சை வெள்ளைக்காரன் உக்காந்திருக்கிறது நல்லாருக்கு" என்றார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அந்தப் பச்சை வெள்ளைக்காரர் டிட்டியா. நிஜப் பெயர் ஜோவான்னி அட்சேனி. அப்பா சார்டீனியா தீவுக்காரர், அம்மா ஜெர்மானியர், பிறந்தது ஜெர்மனியில். இன்றைய பாலியோ ஜாக்கிகளில் இவருக்கு நிகர் இல்லை. ஜாக்கிகள் பெரும்பாலும் வெளியூர்க்காரர்கள், பலர் சார்டீனியாவிலிருந்து வருகிறவர்கள். அதனால் அவர்களை நம்பக் கூடாது என்பது பேட்டைக்காரர்களின் அசைக்க முடியாத கொள்கை. பாலியோ நாட்களில் ஜாக்கியைச் சுற்றிக் காவல் போட்டு விடுகிறார்கள். தூங்கும்போதும் ஆள் இருக்கும். போட்டியாளர் யாரும் வந்து பேரம் பேசிவிடக் கூடாது என்பதற்காக. குதிரைக்கும் காவல் உண்டு. அதற்கென்று உள்ள பராமரிப்பாளர் லாயத்திலேயே படுத்துக்கொள்வார். இரண்டு காவலிலும் மரியாதை குதிரைக்குத்தான்.

மதியம் ஒரு நிழலைப் பிடித்துப் புளியோதரையைப் பிரித்தோம். அப்புறம் மூன்று மணி வாக்கில் நடந்ததுதான் அன்றைய நாளிலேயே எனக்குப் பிடித்த பகுதி. ஓடப்போகும் ஒவ்வொரு குதிரையையும் அந்தந்தப் பேட்டையின் கோயிலுக்குள்ளேயே கூட்டிப் போய் பாதிரியார் மந்திரித்து விடுகிறார். நாங்கள் வந்த வழியிலேயே இருக்கிறதே என்று வாத்துப் பேட்டைக் கோயிலுக்குப் போனோம். உள்ளே நுழைய வழியில்லை. செங்குத்தான தெருவில் கூட்டத்தோடு நின்றோம். குதிரை வந்தது. குளம்புச் சத்தம் மட்டும். அவ்வளவு கூட்டத்தில் ஒரு இருமல் இல்லை, ஒரு போன் இல்லை. வெயிலில் வெந்துகொண்டிருந்த ஒரு குழந்தையின் வாயை அதன் பாட்டி பொத்திக்கொண்டிருந்தார். குதிரை மிரண்டுவிடக் கூடாது. சில நிமிஷம் கழித்து, போய் ஜெயித்து வா என்று பாதிரியார் குதிரையிடம் சொல்லி முடித்ததும் உள்ளேயிருந்து ஒரு முழக்கம் கிளம்பித் தெருவெல்லாம் பரவியது. எனக்குப் புல்லரித்தது.

கோயிலுக்குள் குதிரை சாணி போட்டால் நல்ல சகுனம் என்று ஈரோட்டுப் பையன் சொன்னான். ஆன்ட்டி முதல் தடவையாக ஆர்வமானார். "போட்டுச்சாமா? கேளேன்." யாரைக் கேட்பது? எல்லாரும் பாடிக்கொண்டு போய்விட்டார்கள்.

இந்தப் பேட்டை விஷயத்தைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு பேட்டைக்கும் சொந்தக் கோயில், சொந்த மியூசியம், பிறந்த குழந்தைக்குப் பேட்டை ஞானஸ்நானம் கொடுக்கச் சொந்த நீரூற்று. எல்லை எது என்று 1729ல் பவேரியாவின் வியோலாந்தே இளவரசி ஆணை போட்டு வைத்தது, இன்று வரை அதுதான் எல்லை. எங்கள் ஊர்த் தேரில் எந்தத் தெருக்காரர் எந்த வடம் பிடிப்பது என்பது போல. சியெனா ஒரு காலத்தில் தனிக் குடியரசு. 1555ல் பிளாரன்ஸ்காரர்களிடம் தோற்றுத் தன்னாட்சியை இழந்தது. காம்போவைச் சுற்றி ஓடும் இப்போதைய பந்தயம் அதற்கடுத்த நூற்றாண்டில்தான் நிலைபெற்றது. வெளியே சண்டை போட வழியில்லாமல் போன ஊர், மிச்சமிருந்த ரோஷத்தையெல்லாம் உள்ளே தெருவுக்குத் தெரு பங்கு போட்டுக்கொண்டது என்று எனக்குத் தோன்றுகிறது. சரித்திரக்காரர்கள் சண்டைக்கு வந்தால் வரட்டும்.

நான்கு மணிக்குக் காம்போவுக்குள் போய்விட்டோம். நடுச் சதுக்கத்தில் நின்று பார்ப்பதற்குக் காசு இல்லை. சுற்றியுள்ள மரப் படிக்கட்டு இருக்கைகளுக்கும் ஜன்னல், பால்கனி இடங்களுக்கும் நூற்றுக்கணக்கான யூரோ. நடுவில் நிற்கப் போனால் ஒன்றைப் புரிந்துகொண்டு போங்கள்: வேலி அடைத்த பிறகு ரேஸ் முடியும் வரை நீங்கள் கைதி. கழிப்பறை ஆசையெல்லாம் விட்டுவிட வேண்டியதுதான். கண்ணாடி பாட்டிலும் மடக்கு நாற்காலியும் உள்ளே விட மாட்டார்கள். ஆகஸ்ட் வெயில் செங்கல் தரையிலிருந்து திரும்பி மேலே வரும். ஆன்ட்டியும் தோழியும் இதைக் கேட்டதுமே வெளியே ஒரு கபேயில் டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டார்கள். எங்களை விட நன்றாக ரேஸ் பார்த்தது அவர்கள்தான்.

ஐந்து மணிக்கு மேல் ஊர்வலம். முதலில் காவல்துறையின் குதிரைப்படை ஒரு சுற்று நடை, அடுத்த சுற்று உருவிய வாளோடு பாய்ச்சல். அதற்கே கூட்டம் அலறியது. அப்புறம் இரண்டு மணி நேரம், மேலே கோபுர மணி நிற்காமல் அடிக்க, பேட்டை பேட்டையாக வருகிறார்கள். வெல்வெட் உடை, கவசம், தம்பட்டம், இரண்டு கொடிக்காரர்கள் கொடியை வானத்தில் எறிந்து பிடிக்கிறார்கள். இதில் என்னைத் தொட்டது ஒன்று: பழைய காலத்தில் அழிந்துபோன ஆறு பேட்டைகள் உண்டு. சேவல், சிங்கம், கரடி, கருவாலி மரம், பலமான வாள், விரியன். அந்த ஆறின் பெயரிலும் ஆறு வீரர்கள் முகமூடியை இறக்கி முகம் தெரியாமல் குதிரையில் போகிறார்கள். இல்லாமல் போனவர்களுக்கும் ஊர்வலத்தில் இடம் வைத்திருக்கிற ஊர்.

கடைசியில் நான்கு வெள்ளை மாடுகள் இழுத்து வரும் தேர் வண்டி. கியானீனா இனம், உலகத்திலேயே பெரிய மாட்டு இனம். ஈரோட்டுப் பையன் அதுவரை கேமராவைக் கையிலெடுக்காதவன், மாடுகளை மட்டும் நூறு படம் எடுத்தான். அந்த வண்டியில்தான் பரிசு வருகிறது: மாதா உருவம் வரைந்த ஒரு பட்டுத் துணி. அதற்கும் பெயர் பாலியோதான். ஊர்க்காரர்கள் செல்லமாகக் கந்தல் என்று கூப்பிடுகிறார்கள். "ஜெயிச்சா இவ்வளவுதானா?" என்றார் அங்கிள். இவ்வளவுதான். ஒப்பந்தம் போட்டவர்களுக்கும் ஜாக்கிக்கும் ஜெயித்தவன்தான் பணம் தர வேண்டும். ஜெயித்த பேட்டைக்கு நஷ்டம். ஆளாளுக்கு வசூல் போட்டுச் சந்தோஷமாகக் கட்டுவார்கள்.

ஏழு மணி. குதிரைகள் வெளியே வந்தன. எந்தக் குதிரை எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்பதும் குலுக்கல்தான், உறையைப் பிரித்துக் கடைசி நிமிஷத்தில் அறிவிப்பார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் நின்ற சதுக்கம் அந்த அறிவிப்புக்காகப் பொத்தென்று அடங்கியது. ஒவ்வொரு பெயருக்கும் ஒரு மூலையிலிருந்து கூச்சல், இன்னொரு மூலையிலிருந்து முனகல். ஒன்பது குதிரைகள் இரண்டு தடிக் கயிறுகளுக்கு நடுவே நெருக்கிக்கொண்டு நிற்கும். பத்தாவது குதிரை பின்னால் தனியாக நிற்கும். அது எப்போது ஓடி உள்ளே நுழைகிறதோ அப்போதுதான் கயிறு விழும். ஆக, ரேஸ் எப்போது ஆரம்பிப்பது என்பது அந்தப் பத்தாவது ஜாக்கி கையில். தன் எதிரி கோணலாக நிற்கும் நேரம் பார்த்து உள்ளே வருவான். அதுவரை மற்ற ஒன்பதும் உதைத்து, முட்டி, திரும்பி நின்று அமர்க்களம் பண்ணும். நடுவர் எல்லாரையும் வெளியே அனுப்பி மறுபடி கூப்பிடுவார். சில வருஷம் ஒரு மணி நேரத்துக்கு மேல் இழுத்திருக்கிறது. இருட்டிவிட்டால் மறுநாள்.

கயிறு விழுந்தது எனக்குத் தெரியாது. எனக்கு முன்னால் நின்றவர் தோளில் ஒரு பெண் ஏறியிருந்தாள். சத்தம்தான் முதலில் வந்தது. ஜாக்கிகளின் இரும்புத் தொப்பிகள் தலைகளுக்கு மேல் வரிசையாக வழுக்கிக்கொண்டு போயின. திரும்பினோம். திரும்புவதற்குள் அவை எதிர்ப்பக்கம். கூட்டம் மொத்தமும் நின்ற இடத்திலேயே பம்பரமாகச் சுற்றியது. என் பக்கத்தில் கிண்டி அங்கிள், மூட்டு வலிக்காரர், எம்பி எம்பிக் குதித்தபடி தமிழில் கத்திக்கொண்டிருந்தார்: "வாத்து! வாத்து! அடிச்சு வா!"

வாத்துதான் ஜெயித்தது. குதிரை ஸியோ ஃப்ராக், மேலே டிட்டியா.

பந்தயம் முடிந்த அடுத்த நொடி வேலியைத் தாண்டிப் பாதைக்குள் ஜனங்கள் பாய்ந்தார்கள். ஐம்பது வயது ஆண்கள் தேம்பித் தேம்பி அழுதார்கள். குதிரைக்கு முத்தம். ஜாக்கியைப் பிய்த்து எடுத்துவிடுவார்களோ என்று பயமாக இருந்தது. சிலர் வாயில் குழந்தைகளின் ரப்பர் சூப்பான். ஜெயித்த பேட்டைக்காரன் அன்றைக்கு மறுபடி பிறந்தவன் என்பதால் அப்படி. பட்டுத் துணியை இறக்கித் தோளுக்குத் தோள் மாற்றிக்கொண்டு பேராலயத்துக்குப் பாடிக்கொண்டே ஓடினார்கள். ஜெயிக்க ஜாக்கி வேண்டும் என்பது கூட இங்கே கட்டாயமில்லை. ஜாக்கி விழுந்து குதிரை மட்டும் முதலில் வந்தாலும் வெற்றிதான். 2019 ஆகஸ்டில் காட்டுப் பேட்டைக்கு அப்படித்தான் ரெமோரெக்ஸ் என்ற குதிரை ஆளில்லாமல் ஜெயித்துக் கொடுத்தது.

எங்கள் வண்டி மலையடியில், வாத்துப் பேட்டையின் கீழே. ஆகவே ஜெயித்தவர்களின் தெரு வழியாகத்தான் போயாக வேண்டும். அரை கிலோமீட்டர் இறங்க ஒன்றரை மணி நேரம். யாரோ ஒருவர் பிளாஸ்டிக் கோப்பையில் ஒயினைத் திணித்தார். எங்களுக்கு இந்த வெற்றியில் எந்தப் பங்கும் இல்லை என்று அவருக்கும் தெரியும். அங்கிள் மட்டும் எல்லாரோடும் கை குலுக்கிக்கொண்டு வந்தார்.

வேனில் ஏறியதும், "நான் காலையிலயே சொன்னேன். கட்டியிருந்தா இன்னைக்கு..." என்று ஆரம்பித்தார்.

"நீங்க கட்டல. அதனாலதான் அது ஜெயிச்சுது" என்றார் ஆன்ட்டி. பொலோனா வரைக்கும் அங்கிள் அதற்கு மேல் வாய் திறக்கவில்லை.

குதிரைகளைப் பற்றிச் சொல்லாமல் முடித்தால் நேர்மையாக இருக்காது. பாலியோவில் குதிரைகள் சாகின்றன. முக்கியமாக அந்தச் சான் மார்ட்டினோ வளைவில் கால் முறிந்து. விலங்கு நல அமைப்புகள் பல வருஷமாகத் தடை கேட்கின்றன. ஊர்க்காரர்கள் சொல்லும் பதிலை 2017 மெரினா ஜல்லிக்கட்டுப் போராட்டத்தைப் பார்த்த நமக்கு மொழிபெயர்க்கத் தேவையில்லை: இந்த மிருகத்தை நாங்கள் பிள்ளையாக வளர்க்கிறோம், வெளியூர்க்காரனுக்கு என்ன தெரியும். பாசம் நிஜம். கோயில் வாசலில் அந்த அமைதியை நானே பார்த்தேன். ஆபத்தும் நிஜம். மெத்தை சாத்தினார்கள், கால்நடை மருத்துவர் சோதனையைக் கடுமையாக்கினார்கள், முழு ரேஸ் ஜாதிக் குதிரைகளை விட்டுக் கலப்பினக் குதிரைகளுக்கு மாறினார்கள், ஓடி ஓய்ந்த குதிரைகளுக்குக் காட்டோரம் இடம் கொடுத்தார்கள். வளைவு மட்டும் அதே வளைவு. அந்தக் கேள்வியில் நான் ஆன்ட்டி கட்சி. ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் உட்கார்ந்த பையன் ஒருவனும் வேனில் இருந்தான், அவன் எதிர்க்கட்சி. பிளாரன்ஸ் வரைக்கும் வாதம் நடந்தது.

போக நினைப்பவர்களுக்கு என் சிபாரிசு: எங்களை மாதிரி ஒரே நாளில் போய் வராதீர்கள். பந்தய நாளன்று பார்க்கக் கிடைப்பது கூட்டமும் முதுகுகளும் ஒன்றேகால் நிமிஷமும். ஜூன் 29 அல்லது ஆகஸ்ட் 13 அன்றே போய்விடுங்கள். குதிரைக் குலுக்கல் அன்றுதான், நல்ல குதிரை கிடைத்த பேட்டை அலறுவதும் நொண்டி கிடைத்த பேட்டை வாயடைத்து நிற்பதும் பாலியோவை விடப் பெரிய காட்சி என்று அந்தச் சியெனா நண்பர் சத்தியம் செய்கிறார். ஒத்திகை ஓட்டங்களை வேலிக்குப் பக்கத்தில் நின்று பார்க்கலாம். முந்தின நாள் இரவு தெருவில் நீள மேஜை போட்டு ஆயிரக்கணக்கில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள், சில பேட்டைகளில் வெளியாருக்கும் காசு கொடுத்தால் இடம் உண்டு. அது முடிந்த பிறகு, உடம்புக்கு முடிந்தால் நடுச் சதுக்கத்தில் நில்லுங்கள். பெரியவர்களை அழைத்துப் போனால் கபே டிவியே போதும், கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. தொப்பி, தண்ணீர், பொறுமை. மழை பெய்தால் நகர மன்ற ஜன்னலில் பச்சைக் கொடி தொங்கும், பந்தயம் மறுநாளுக்குத் தள்ளிப்போகும். அதனால் ஹோட்டலை ஒரு நாள் கூடுதலாகவே போட்டுக்கொள்ளுங்கள்.